தப்பு விடைக்காரி

பொய் சொல்லிப் பிழைக்கிறவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் பொய் சொல்லுவதற்கென்றே நியமன உத்தரவு வாங்கி, வருஷா வருஷம் ஊதிய உயர்வும் வாங்கினவள் தப்பக்கா ஒருத்திதான்.

அவள் வேலை பார்த்தது கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியத்தில். பள்ளிக்கூடம் முடிக்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நாளில், ஒரே மணிக்கு உட்கார்ந்து, நூற்றிருபது கேள்விக்கு நூற்றிருபது வட்டத்தைக் கறுத்துவிட்டு, பேயறைந்த முகத்தோடு வெளியே வருகிறார்களே, அந்தத் தேர்வு. கேள்விக்கு நாலு விடை. ஒன்று சரி, மூன்று தப்பு. சரியான விடையை எழுத வாரியத்தில் பேராசிரியர்கள் உண்டு. அவர்களுக்குத் தனி அறை, சுழல் நாற்காலி, பேருக்குப் பின்னால் முழ நீளத்துக்குப் பட்டம். தப்பு விடை எழுதத்தான் ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. படித்தவனுக்குத் தப்பு எழுதக் கை வராது. படிக்காதவனுக்கு, எழுதுவது தப்பென்றே தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒருத்தி தேவைப்பட்டாள். பத்தொன்பது வருஷமாக அது இவள்தான். அலுவலகத்துச் சின்னப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் 'தப்பக்கா' என்று பேர் வைத்தார்கள். அவள் ஒருநாள் திரும்பி நின்று, "என்னடா முணுமுணுப்பு? சத்தமாவே கூப்பிடு, பேர் நல்லாத்தான் இருக்கு" என்றதிலிருந்து முகத்துக்கு நேரேயே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

தப்பு எழுதுவது லேசான வேலை என்று நினைக்கிறவர்கள் உட்கார்ந்து ஒன்று எழுதிப் பார்க்கட்டும். தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்ற கேள்விக்கு 'செவ்வாய்க்கிழமை' என்று எழுதினால் அதுவும் தப்புதான். எந்த மடையன் அதைத் தொடுவான்? நூற்றுக்கு அஞ்சு பேர்கூடத் தொடாத விடைக்கு வாரியத்தில் 'செத்த விடை' என்று பேர். தேர்வு முடிந்த பிறகு எந்த விடையில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று ஒரு பட்டியல் வரும். அதைக் கொண்டுவருகிறவன் கணினிப் பிரிவில் இருக்கிறான். எதைக் கொடுத்தாலும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டான் என்று அவனுக்குச் சல்லடை என்று பேர். மற்றவர்கள் எழுதினதில் செத்த விடைகள் கூடை கூடையாக விழும். தப்பக்காவின் கணக்கில் பத்தொன்பது வருஷத்தில் ஒரு சாவு கிடையாது.

அவளுடைய சாதனை ஒரு சுறா. 'கீழ்க்கண்டவற்றில் எது பாலூட்டி?' என்பது கேள்வி. பேராசிரியர் எழுதின சரியான விடை: 'வௌவால், குட்டிக்குப் பால் கொடுக்கும்.' அதற்குப் பக்கத்தில் தப்பக்கா எழுதினாள்: 'சுறா, குட்டி போடும் என்பதால்.' நூற்றுக்கு நாற்பத்தாறு பேர் அந்தச் சுறாவின் வாயில் போய் விழுந்தார்கள். 'விடைக்குறிப்பில் பிழை, சுறாதான் சரி' என்று ஒரு உயிரியல் வாத்தியாரே வாரியத்துக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை அவள் இழுப்பறையில் பத்திரமாக வைத்திருந்தாள்.

"உண்மை அம்மணமா வந்து நின்னாலும் ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான்" என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பாள். "பொய்யைத்தான் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, தலை வாரி அனுப்பணும்."

இந்தத் திறமையைச் சாயந்திரம் அலுவலகத்திலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தால் வம்பே இல்லை. பாழாய்ப்போன கை வாகு, வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி வாங்கப் போனார். போனவர் கண்ணாடிக் கடைக்காரிக்குக் கிட்டவே தங்கிவிட்டார். எட்டாம் நம்பர் பஸ், பதினோராவது நிறுத்தம், கீழே கடை, மாடியில் வீடு. சண்டை இல்லை, சத்தம் இல்லை. நாலு சட்டையையும் சவரக் கத்தியையும் எடுத்துக்கொண்டு, "உனக்கு நான் எதையும் விளக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். போகிறவனுக்கு வசனம் வேறு.

மகளுக்கு அப்போது பதின்மூன்று வயசு. "அப்பா எங்கம்மா?" என்று அது கேட்டபோது, தப்பக்கா யோசிக்கவே இல்லை. கைக்கு வந்ததை எடுத்துப் போட்டாள். "கப்பல்ல வேலைக்குப் போயிருக்கார்டி, சம்பளம் ஜாஸ்திங்கிறதால." கப்பல் ஒரு வருஷம் மிதந்தது. கப்பல் கரைக்கே வராதா என்று மகள் கேட்டதும், "வந்துச்சு. பெரியப்பாவுக்கு உடம்பு முடியலைங்கிறதால நேரா அங்க போயிட்டார்" என்றாள். அந்தப் பெரியப்பா சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை, இழுத்துக்கொண்டே கிடந்தார். பிறகு, "காகிதத்துல ஏதோ கையெழுத்து சரியில்லைங்கிறதால எல்லையில நிறுத்தி வெச்சிருக்காங்க" என்றாள். அதற்கப்புறம் மகள் கேட்பதை விட்டுவிட்டது. நம்பிவிட்டது என்று தப்பக்கா பெருமூச்சு விட்டாள். மூன்று விடை போட்டு மூன்றும் சாகாமல் நின்றதில், வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மகளுக்கு வீட்டில் குட்டி என்று பேர். பதினேழு வயசு, ஒட்டடைக்குச்சி உயரம். இரண்டு வருஷமாகக் கண்ணாடி போடுகிறாள். "ஸ்கூல்ல கண் முகாம் வெச்சாங்கம்மா. பிரேம் மிச்சம் இருந்துச்சுங்கிறதால எனக்கு ஒண்ணு சும்மாவே கொடுத்துட்டாங்க" என்று ஒருநாள் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தப்பக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "முகாம்ல கொடுக்கிற பிரேமாடி இது? அசத்தலா இருக்கே!" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள்.

குட்டிக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசை, கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும். தெருவில் வண்டியில் அடிபட்ட பூனை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, வைத்தியரைக் கெஞ்சி, ஒரு காலை எடுத்து, மூன்று காலோடு வீட்டில் நடக்க வைத்திருந்தாள். அந்தப் பூனை தப்பக்காவை மட்டும் முறைக்கும். ஆனால் ஆசை வேறு, மதிப்பெண் வேறு. கால்நடைக் கல்லூரியில் போன வருஷம் தொண்ணூற்று நாலோடு கதவைச் சாத்தினார்கள். குட்டி வீட்டில் மாதிரித் தேர்வு எழுதினால் அறுபது வரும், தலைகீழாக நின்றால் அறுபத்தைந்து வரும். ராப்பகலாகப் படித்தாலும் படித்தது தலைக்குள் ஏறாமல் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனது.

வாரியத்தில் ஒரு விதி உண்டு. சொந்தப் பிள்ளை தேர்வு எழுதுகிற வருஷம், அம்மா அப்பா கேள்விப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. தப்பக்கா தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டு உறைப் பிரிவுக்குப் போனாள். ஒரு வருஷம் முழுக்க உறை ஒட்டினாள். ஆனால் விதி எழுதினவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். கேள்விகள் அந்தந்த வருஷம் எழுதுவதில்லை. பல வருஷமாக எழுதினதெல்லாம் ஒரு கிடங்கில் குவிந்து கிடக்கும், கணினி அதிலிருந்து கைபோன போக்கில் பொறுக்கும். தப்பக்கா கீழ்த்தளத்தில் பசை தடவிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் மாடியில் அவளுடைய பழைய பொய்கள் அவளைக் கேட்காமலே வரிசையில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

தேர்வு முடிந்து வந்த குட்டி பையை எறிந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பென்றால் அடக்க முடியாத சிரிப்பு.

"என்னடி, கிறுக்கு புடிச்சிருச்சா?"

"ஒண்ணுமில்லம்மா. மூணு மணி நேரம் உன்கூடவே உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு."

"நான் உறை ஒட்டிட்டு இருந்தேன்டி" என்றாள் தப்பக்கா, ஒன்றும் புரியாமல்.

முடிவு வெளியான திங்கட்கிழமை, குட்டியின் எண்ணுக்கு நேரே மதிப்பெண் இல்லை. 'நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வார்த்தை மட்டும் இருந்தது. அரை மணி நேரத்தில் சல்லடை உறைப் பிரிவுக்கு இறங்கி வந்தான். முகம் இஞ்சி தின்ற மாதிரி இருந்தது.

"அக்கா, உங்க பொண்ணு தொண்ணூத்தேழு."

"அடி சக்கை!" என்று தப்பக்கா பசைக் குச்சியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"உக்காருங்க. முழுசாக் கேளுங்க. இந்த வருஷத் தாள்ல எழுபத்தொரு கேள்விக்கு நீங்க தப்பு எழுதியிருக்கீங்க. அந்த எழுபத்தொண்ணுலயும் பொண்ணு சரி. ஒண்ணுகூட விடலை. மீதி நாப்பத்தொம்பது மத்தவங்க எழுதினது. அதுல இருபத்தாறு." குரலைத் தாழ்த்தினான். "மெஷினே சிவப்புக் கொடி போட்டுடுச்சு. நான் போடலைக்கா, சத்தியமா. ஆனா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

என்ன நினைப்பார்கள், அம்மா மகளுக்கு விடையைக் காட்டிவிட்டாள் என்றுதான். புதன்கிழமை விசாரணை. குற்றம் என்று முடிவானால் குட்டியின் தேர்வு ரத்து, மூன்று வருஷத்துக்குத் திரும்ப எழுத முடியாது. தப்பக்காவுக்கு வேலை போகும். கால்நடைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

தப்பக்கா வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"குட்டி, உள்ளதைச் சொல்லு. என் பையைத் திறந்தியா?"

"உன் பையில சீப்பும் தலைவலி மாத்திரையும்தான் இருக்கும்."

"நான் தூக்கத்துல பேசுறேனா?"

"குறட்டைதான் விடுற."

"குறட்டையில ஏதாவது விடை..."

"அம்மா!" என்றாள் குட்டி. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அங்க வந்து சொல்றேன். உனக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாத" என்றாள். பெற்றவளுக்கு ஆறுதல் சொல்லுகிற வயசா அது? தப்பக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மூன்று கால் பூனை அலமாரிக்கு மேலிருந்து அவளை முறைத்தது.

விசாரணை மூன்றாம் மாடிக் கூட்ட அறையில். நீள மேசை, ஆடுகிற நாற்காலிகள், யாரும் குடிக்காத தண்ணீர்ப் பாட்டில்கள். நடுவில் வாரியத் தலைவர். நல்ல மனுஷர், ஆனால் எதையும் மூன்று தரம் சொன்னால்தான் ஏறும். அவருக்கு வலது பக்கம் சட்ட அதிகாரி அம்மாள். அந்த அம்மாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. இடது பக்கம் சல்லடை, கணினியோடு.

"ஏம்மா," என்றார் தலைவர் குட்டியிடம், "உங்கம்மா உனக்குக் கேள்வித்தாளைக் காட்டினாங்களா?"

"இல்ல சார்."

"விடையைச் சொன்னாங்களா?"

"இல்ல சார். எங்கம்மாவுக்குச் சரியான விடை தெரியவே தெரியாது. அவங்க அந்தப் பிரிவு இல்ல."

தப்பக்காவுக்குச் சுருக்கென்றது, உண்மைதான் என்றாலும் நாலு பேருக்கு முன்னால் சொல்ல வேண்டுமா?

"அப்புறம் எப்படிம்மா எழுபத்தொண்ணும் சரியாப் போட்டே?"

"சரியான விடை எதுன்னு எனக்கும் தெரியாது சார். ஆனா அம்மா எழுதினது எதுன்னு தெரியும். மூணு இடத்துல அம்மா நிக்கிறாங்க, ஒரு இடத்துல வேற யாரோ நிக்கிறாங்க. அந்த வேற யாரோவைக் கறுத்துட்டு வந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "படிக்கவும் படிச்சேன் சார். படிச்சதுதான் அந்த இருபத்தாறு" என்றாள்.

சட்ட அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "எப்படித் தெரியும்?"

"இப்போ சொன்னா அம்மா உஷாராயிடுவாங்க மேடம். முதல்ல வெச்சுப் பாருங்க."

அப்படித்தான், வாரியத்தின் சரித்திரத்திலேயே இல்லாத ஒரு தேர்வு அந்த அறையில் நடந்தது. எந்தப் புத்தகத்திலும் விடை இருக்கக் கூடாது என்பது சட்ட அதிகாரியின் நிபந்தனை. தலைவர் ரொம்ப நேரம் யோசித்து ஒரு கேள்வி போட்டார்: 'நேற்று மத்தியானம் மூன்று மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?' சரியான விடையை அவரே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மடித்தார். தப்பக்காவைப் பக்கத்து அறையில் உட்கார வைத்து மூன்று தப்பு எழுதச் சொன்னார்கள். பேனா காகிதத்தைத் தொட்டதும் பயம் போய்விட்டது, தொழில் தொழில்தான். இரண்டு நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தாள். நாலையும் கலந்து சட்ட அதிகாரி தன் கையெழுத்தில் எழுதி, குட்டியின் முன்னால் வைத்தார்.

அ) பல் வைத்தியரிடம் போயிருந்தேன், கடைவாய்ப் பல் ஆடுகிறது என்பதால்.

ஆ) அறைக்கதவைத் தாழ்போட்டுவிட்டு மேசையில் தலைவைத்து நன்றாகத் தூங்கினேன்.

இ) தேர்வு மையங்களைப் பார்வையிட்டேன், நிறையப் புகார் வந்தது என்பதால்.

ஈ) பழைய கோப்புகளைப் படித்தேன், விசாரணை நெருங்கிவிட்டது என்பதால்.

குட்டி ஒரு பார்வை பார்த்தாள். 'ஆ'வைக் கறுத்தாள்.

தலைவரின் முகம் சிவந்தது. இதை எவரும் நம்பமாட்டார்கள் என்ற தைரியத்தில் மனுஷர் உண்மையை எழுதித் தொலைத்திருந்தார்.

"அதானே பாத்தேன்," என்றான் சல்லடை, "நேத்து மூணு மணிக்குக் கையெழுத்துக்காகக் கதவை எவ்வளவு நேரம் தட்டினேன்!"

"அடுத்த கேள்வி" என்றார் தலைவர் அவசரமாக.

அடுத்ததைச் சல்லடை போட்டான், அதற்கடுத்ததைச் சட்ட அதிகாரி. சல்லடைக்கு எந்த ஊரில் பல் முளைத்தது என்பதிலிருந்து, சட்ட அதிகாரியின் முதல் காதல் கடிதத்தை அவருடைய அம்மா எங்கே கண்டெடுத்தார் என்பது வரை ஆறு கேள்வி. ஆறும் சரி. கடைசிக் கேள்வியில் அந்த அம்மாள் சிரித்தேவிட்டார்.

"இப்போ சொல்லு" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அம்மா உண்மை சொன்னா வெறுமனே சொல்லிடுவாங்க மேடம். பொய் சொன்னா மட்டும் கூடவே ஒரு காரணத்தைச் சேத்து அனுப்புவாங்க. எழுதும்போது 'என்பதால்'. பேசும்போது 'ங்கிறதால'. அது இருந்தா அம்மா. இல்லைன்னா மத்தவங்க."

சல்லடை மளமளவென்று கணினியைத் தட்டினான். எழுபத்தொரு கேள்வி, இருநூற்றுப் பதிமூன்று தப்பு விடை. இருநூற்றுப் பதிமூன்றிலும் 'என்பதால்' என்ற வால் இருந்தது. ஏழு பேர் சரிபார்த்து, நீளம் அளந்து, எழுத்துப்பிழை திருத்தி அனுப்பிய விடைகள். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. படாதது மட்டுமில்லை, அத்தனை பிள்ளைகளும் விழுந்ததே அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான். காரணம் சொன்னால் ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். பத்தொன்பது வருஷமாகத் தன் முதுகில் இப்படி ஒரு சீட்டு ஒட்டியிருந்ததைத் தப்பக்காவே அறியவில்லை.

ஆனால் சட்ட அதிகாரி லேசில் விடுகிற ஆள் இல்லை. சிரிப்பு முடிந்ததும் பழைய முகத்துக்கு வந்துவிட்டார். "ஒரு சந்தேகம். அம்மா எழுதினதை இதுக்கு முன்னாடி நீ பார்த்ததே இல்லைங்கிறே. பார்க்காம இந்த வழக்கம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது? வீட்டுல அம்மா உனக்குக் கேள்வியைக் காட்டி, அதுல கண்டுபிடிச்சிருந்தா அதுவும் குற்றம்தான்."

குட்டி அம்மாவைப் பார்த்தாள்.

"சொல்லட்டுமாம்மா?"

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். ஒரு பதிலில் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கிறது. "சொல்லுடி," என்றாள் தப்பக்கா, "உண்மை எதுவோ அதைச் சொல்லு. எதுக்குப் பயம்?"

குட்டி மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எங்கப்பா எங்கன்னு கேட்டேன் மேடம். சம்பளம் ஜாஸ்திங்கிறதால கப்பல்ல இருக்கார்னாங்க. பெரியப்பாவுக்கு முடியலைங்கிறதால அங்க போயிட்டார்னாங்க. கையெழுத்து சரியில்லைங்கிறதால எல்லையில நிறுத்திட்டாங்கன்னாங்க. மூணு விடையாச்சு. அம்மா எப்பவும் மூணோட நிறுத்திடுவாங்க. அப்போ நாலாவது ஒண்ணு இருக்கணும் இல்லையா? தேடினேன். எட்டாம் நம்பர் பஸ்ஸு, பதினோராவது ஸ்டாப், கண்ணாடிக் கடை மாடி."

தப்பக்காவின் பார்வை, தன்னை அறியாமல், மகளின் கண்ணாடிக்குப் போனது. அசத்தலான பிரேம். முகாமாவது மண்ணாங்கட்டியாவது! 'பிரேம் மிச்சம் இருந்துச்சுங்கிறதால.' காதில் விழுந்தது, வாலோடுதான் விழுந்தது. நாட்டில் உள்ள பிள்ளைகளையெல்லாம் வாலைக் காட்டி விழ வைத்தவள், பெற்ற பிள்ளை ஒரு வாலைக் காட்டியதும் குப்புற விழுந்திருக்கிறாள். இரண்டு வருஷம். அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். தெரிந்துகொண்டே இந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறதே என்று நினைத்தபோதுதான் தாங்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தலைவர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். சல்லடை கணினித் திரையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சட்ட அதிகாரி விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கடைசியில் மூடிவிட்டார். "பெத்தவ எப்படிப் பொய் சொல்லுவாங்கிறது பிள்ளைக்குத் தெரியக் கூடாதுன்னு இதுல எங்கேயும் இல்லை. முடிவை வெளியிடலாம்."

"தொண்ணூத்தேழேவா?" என்றார் தலைவர்.

"தொண்ணூத்தேழேதான்."

"தொண்ணூத்தேழா!" என்றார் தலைவர், மூன்றாவது தரம் சொன்னதில் ஏறிவிட்டது என்பதற்கு அடையாளமாக. பிறகு தப்பக்காவைப் பார்த்து, ரொம்பத் தயங்கி, "அம்மா, உங்க கேள்வியெல்லாம் இனிமே கிடங்குல வெச்சிருக்க முடியாது. புரியும்னு நினைக்கிறேன். நீங்க உறைப் பிரிவுலயே... அங்க காத்தோட்டமாவும் இருக்கும்" என்றார்.

பத்தொன்பது வருஷத்துப் பொய், ஆயிரத்து நானூறு கேள்வி, சுறா உள்பட, ஒரே மத்தியானத்தில் மொத்தமாகச் செத்தது. அதற்கு அழ அவளுக்கு அப்போது நேரமில்லை. சல்லடை அங்கேயே பொத்தானைத் தட்டினான். குட்டி அங்கேயே உட்கார்ந்து கால்நடைக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். மூன்று காலுள்ள பூனைக்கு எழுதிவைத்த யோகம்.

இரண்டு பேரும் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். நல்ல வெயில். எட்டாம் நம்பர் பஸ் ஒன்று வந்து நின்றது, நாலு பேரை இறக்கியது, கிளம்பிப் போனது. குட்டி அதைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க எவ்வளவு பாடுபடுகிறாள் என்பதைத் தப்பக்கா பார்த்தாள்.

"அடிக்கடி போவியா?"

"மாசத்துக்கு ஒருதரம்."

"ஏன்டி என்கிட்டச் சொல்லலை?"

"நீ கஷ்டப்பட்டு மூணு சொல்லியிருந்தே" என்றாள் குட்டி.

தப்பக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த கேள்வியைக் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். விசாரணை அறையிலிருந்தே மனசில் முள்ளாகக் கிடந்த கேள்வி. நாக்கு சும்மா இருக்குமா?

"அங்க... உனக்கு நல்லா இருக்கா? அவ, அந்தக் கண்ணாடிக்காரி, உன்னை நல்லாப் பாத்துக்கிறாளா?"

குட்டி கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சேச்சே. எனக்கு அங்க பிடிக்கவே பிடிக்காதும்மா. கீழ கண்ணாடி தேய்க்கிற மெஷின் ஓயாம கத்திக்கிட்டே இருக்குங்கிறதால."

தப்பக்காவுக்கு அந்த வால் கேட்டது. இந்தத் தரம் நன்றாகவே கேட்டது. நாலு விடையையும் முன்னால் பரப்பி வைத்தால் எதைத் தொடக் கூடாது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த ஊரிலேயே இல்லை.

"அப்படியா" என்றாள். "மெஷின் சத்தம் தலைவலிதான்."

மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தெரிந்தே, அந்த வட்டத்தைக் கறுத்தாள்.